போர் கண்ட வீரரைச் சங்கக் கூட்டத்தில் பேச அழைப்பது எப்படி? ரோட்டரி, அரிமா சங்கங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜூலை முதல் தேதி பொறுப்பேற்கும் சங்கத் தலைவர் பலரும் ஆண்டுத் திட்டத்தில் மறக்காமல் எழுதிவைக்கும் வரி ஒன்று உண்டு: "முன்னாள் ராணுவ வீரரைக் கௌரவித்தல்." அந்த நாள் வரும்போது என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். பொன்னாடை, சந்தன மாலை, கேடயம், குரூப் போட்டோ. எல்லாம் முடிந்து வந்தவர் மைக்கைப் பிடிக்கும்போது மணி எட்டரை ஆகியிருக்கும். கேட்டரிங்காரர் வாசலில் நின்று தலைவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லைக்குப் போய் வந்த மனிதர் "எல்லாருக்கும் நன்றி" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

சங்கச் செயலாளர் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கூட்டத்துக்குச் செலவு அதிகம் இல்லை, வேலைதான் அதிகம். அந்த வேலையில் முக்கால்வாசி கூட்டத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டியது. கீழே சொல்லியிருப்பது அவரைப் பேசவைத்து நாம் உட்கார்ந்து கேட்பதற்கான வழிமுறை. கௌரவித்து அனுப்புவது மட்டும் போதும் என்றால் பூக்கடையும் கேடயக் கடையும் தெரிந்தாலே போதும்.

1. முதலில் தேதி

எல்லாருக்கும் தோன்றும் நாட்கள் ஜூலை 26 கார்கில் வெற்றி நாளும், 1971 போரில் டாக்கா வீழ்ந்த டிசம்பர் 16-ம்தான். அந்த நாட்களில் பள்ளி, கல்லூரி, மாவட்ட நிர்வாகம் என்று எல்லாரும் அதே வீரர்களைத்தான் தேடுவார்கள். ஒரே நாளில் மூன்று மேடை ஏறி வந்தவரிடம் நான்காவதாகக் கேட்பது நாம் என்றால், நமக்குக் கிடைப்பது தேய்ந்துபோன பேச்சுதான்.

முன்னாள் படைவீரர் தினம் ஜனவரி 14. இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான பீல்டு மார்ஷல் கரியப்பா 1953-இல் ஓய்வுபெற்ற நாள் அது. பொருத்தமான நாள்தான், ஆனால் நம் ஊரில் போகியும் பொங்கலுமாக இருக்கும், சங்கத்தில் பத்துப் பேர்கூடச் சேரமாட்டார்கள். டிசம்பர் 7 படைவீரர் கொடி நாளை ஒட்டிய வாரம் நல்ல தேர்வு, மழை ஒத்துழைத்தால். என்னைக் கேட்டால், எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு செப்டம்பர் மாத வாராந்திரக் கூட்டம்தான் இதற்கு உத்தமம். அவருக்கும் அவசரம் இல்லை, நமக்கும் இல்லை.

தேதியை ஒன்றரை மாதம் முன்பே முடிவு செய்யுங்கள். வயதானவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, பேரன் வீட்டு விசேஷம் என்று நூறு இருக்கும்.

2. யாரை அழைப்பது?

இங்கேதான் பெரும்பாலான சங்கங்கள் சறுக்குகின்றன. "கர்னல் யாராவது கிடைப்பாரா?" என்றுதான் தேடல் தொடங்கும். கர்னல், பிரிகேடியர் வந்தால் அழைப்பிதழில் கெத்தாக இருக்கும், உண்மைதான். அவர்கள் நன்றாகவும் பேசுவார்கள். ஆனால் போரை வரைபடத்தில் பார்த்தவர் சொல்லும் கதை வேறு, பதுங்குகுழியில் இருந்து பார்த்த நாயக் சொல்லும் கதை வேறு. உங்கள் ஊரிலேயே, நீங்கள் தினமும் கடக்கும் தெருவிலேயே ஒரு ஹவில்தார் இருக்கக்கூடும். வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன கம்மவான்பேட்டை போன்ற கிராமங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கத்துச் சங்கங்கள் வெளியூரில் ஆள் தேடவே வேண்டாம்.

இன்னொன்று, துப்பாக்கி பிடித்துச் சுட்டவர் மட்டும்தான் போர் வீரர் என்று எண்ண வேண்டாம். 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி புதைத்த நிலத்தில் டாங்கிகளுக்குப் பாதை திறந்துவிட்டவர்கள் சாப்பர்கள், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படையினர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸின் ஒன்பதாவது பொறியாளர் படைப்பிரிவு அது. அந்தப் படையினரை ராணுவம் முழுக்கச் செல்லமாகத் 'தம்பி' என்றுதான் கூப்பிடும். லாரி ஓட்டியவர், ஒயர் இழுத்த சிக்னல்காரர், ஸ்ட்ரெச்சர் தூக்கிய மருத்துவ உதவியாளர், பதினெட்டாயிரம் அடிக்கு மேல் சியாச்சினில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்தவர், இவர்களிடம் இருக்கும் கதைகளை யாரும் இதுவரை கேட்டிருக்கமாட்டார்கள். அதனாலேயே புதிதாக இருக்கும்.

வயதையும் கணக்குப் போடுங்கள். 1962, 1965 போர்களைக் கண்டவர்கள் எண்பதை ஒட்டியவர்கள், தாண்டியவர்கள். 1971-இல் இருபது வயதுச் சிப்பாயாக இருந்தவர் இன்று எழுபதுகளின் நடுவில் இருப்பார். இவர்களைத் தள்ளிப்போட நேரம் இல்லை. கார்கில் வீரர்களை அடுத்த ஆண்டு அழைத்தாலும் தவறில்லை.

ஆள் கண்டுபிடிக்க மூன்று வழிகள்: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், உங்கள் தாலுகாவின் முன்னாள் ராணுவத்தினர் சங்கம், மிலிட்டரி கேண்டீன் அல்லது இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கிளினிக் பக்கம் பழக்கமுள்ள உறுப்பினர் யாராவது. நல அலுவலகத்தில் போய் "போன் நம்பர் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். சங்கத்தின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, விருப்பமுள்ளவரிடம் சேர்ப்பிக்கச் சொல்லுங்கள். விருப்பம் இருந்தால் அவரே அழைப்பார்.

போலிகள் உண்டா? உண்டு. அதற்காக வருபவரிடம் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று கேட்பது அசிங்கம். ஊர்ச் சங்கத்தின் வழியாக வந்தால் அந்தச் சிக்கலே இராது. வீரதீர விருது பெற்றவர் என்று சொல்லப்பட்டால், பாதுகாப்பு அமைச்சகத்தின் விருதுகளுக்கான இணையதளத்தில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும்.

3. வீட்டுக்குப் போங்கள்

போனில் பேசி முடித்துவிடாதீர்கள். தலைவரும் இன்னொருவரும் மட்டும் ஒரு மாலை நேரத்தில் வீட்டுக்குப் போங்கள். பத்துப் பேர் வேனில் போய் இறங்க வேண்டாம். பழம் வாங்கிக்கொண்டு போவது நம் வழக்கம், அது போதும்.

இந்தச் சந்திப்பில் குறிப்பேட்டை எடுக்காமல் முதல் அரை மணி நேரம் சும்மா பேசுங்கள். பெரும்பாலும் அவர் "நான் என்னங்க பெரிசா பண்ணிட்டேன்" என்றுதான் தொடங்குவார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு புகழ ஆரம்பித்தால் பேச்சு நின்றுவிடும். பதிலாகச் சின்னச் சின்னக் கேள்விகள். எந்த வருடம் சேர்ந்தீர்கள்? ஆள்சேர்ப்பு எங்கே நடந்தது? ட்ரெயினிங் வெலிங்டனிலா? (மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டன்தான் தாய்வீடு.) வீட்டுக்குக் கடிதம் எப்படி வந்தது? இந்தக் கடைசிக் கேள்வியை மனைவி இருக்கும்போது கேளுங்கள். ஊர்ப் பெயர் இல்லாமல் "56 ஏபிஓ" என்று ராணுவ அஞ்சலக எண் மட்டும் போட்ட விலாசத்துக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதி, ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாமல் பதிலுக்குக் காத்திருந்தவர் அவர்தான். பல வீடுகளில் நல்ல கதையின் நுனி சமையலறை வாசலில் இருந்துதான் கிடைக்கும். கூட்டத்துக்கு அவரையும் சேர்த்தே அழையுங்கள், அழைப்பிதழில் பெயரும் போடுங்கள்.

எழும்புவதற்கு முன் நான்கு விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். எதைப் பேச விருப்பம், எதைப் பேச விருப்பம் இல்லை? பேச்சைப் பதிவு செய்யலாமா? எவ்வளவு நேரம் நிற்க முடியும், இல்லை உட்கார்ந்து பேசுகிறாரா? சாப்பாட்டில் சர்க்கரை, உப்பு ஏதாவது கட்டுப்பாடா? முதல் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. அலுவல் இரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் அவரைக் கட்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டம், இன்றும் நடைமுறையில் இருப்பது. அவர் சொல்ல மறுக்கும் இடத்தில் துருவ வேண்டாம்.

4. பெயரும் பதவியும் பதக்கமும்

அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் அவரிடமே எழுதி வாங்குங்கள். ராணுவ வழக்கப்படி 'ஓய்வு' என்பது பெயருக்குப் பின்னால் வரும். அதாவது 'பிரிகேடியர் இன்னார் (ஓய்வு)'. 'பிரிகேடியர் (ஓய்வு) இன்னார்' என்று போடக்கூடாது. ஓய்வுபெற்றவர் ஆள்தான், பதவி ஓய்வுபெறுவதில்லை என்பது அவர்கள் கணக்கு. சுபேதாருக்கும் ஹவில்தாருக்கும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சுபேதார் ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்), ஹவில்தார் அதற்குக் கீழே. 'ஹானரரி கேப்டன்' என்றால் நீண்ட நல்ல பணிக்காக ஜேசிஓவாக இருந்தவருக்கு வழங்கப்பட்ட பதவி, அந்த 'ஹானரரி'யை விட்டுவிடவும் கூடாது. விமானப்படை சார்ஜெண்டை ராணுவ ஹவில்தார் என்று அறிவித்தால் அவர் சிரித்துக்கொள்வார், பக்கத்தில் இருக்கும் நண்பர் சிரிக்கமாட்டார்.

அவர் பதக்கங்களை அணிந்து வந்தால் இடது மார்பில் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தால் அறிமுகவுரை பாதி எழுதி முடிந்த மாதிரி. 1971-இல் கிழக்கே போரிட்டவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே என்றால் பஸ்சிமி ஸ்டார், அந்தப் போர்க்காலப் பணிக்குச் சங்ராம் மெடல். 1965 என்றால் சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். கார்கில் என்றால் ஆப் விஜய் ஸ்டார். பரம்வீர், மகாவீர், வீர் சக்கரங்கள் எதிரியை நேருக்கு நேர் கண்டதற்கு. அசோக, கீர்த்தி, சௌர்ய சக்கரங்கள் மற்ற சூழலில் காட்டிய வீரத்துக்கு. இவை எதுவுமே பட்டம் அல்ல, பெயருக்கு முன்னால் ஒட்டிவிடாதீர்கள்.

அறிமுகவுரை மூன்று நிமிடம் தாண்டக்கூடாது. நம் மேடைகளில் வழக்கமாக ஓடுவது இப்படி இருக்கும்: "பனியிலும் வெயிலிலும் நமக்காகத் தூக்கம் தொலைத்த மாவீரர், சிங்கம், பாரதத் தாயின் தவப்புதல்வன்..." இதில் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"இன்று நம்முடன் பேச வந்திருப்பவர் ஹவில்தார் (பெயர்). நம் ஊர் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். பத்தொன்பது வயதில் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். 1971 போரில் மேற்கு எல்லையில் கண்ணிவெடி அகற்றும் பிரிவில் இருந்தார். ஓய்வுக்குப் பின் கூட்டுறவு வங்கியில் காவலராக வேலை பார்த்தார், உங்களில் பலர் அவரை அங்கே பார்த்திருப்பீர்கள். அவரோடு அவர் துணைவியாரும் வந்திருக்கிறார்."

அவ்வளவுதான். கடைசி இரண்டு வரிகளில் அவை நிமிர்ந்து உட்காரும்.

5. அரங்கம்

பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாவது சகஜம். அதனால் கேள்வி கேட்பவரின் குரல் அவருக்குக் கேட்கும்படி ஒலிபெருக்கி ஒன்றை மேடைப் பக்கம் திருப்பி வையுங்கள், அல்லது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேள்வியைத் திருப்பிச் சொல்லட்டும். கையில் பிடிக்கும் மைக்கைவிடச் சட்டையில் குத்தும் மைக் நல்லது. கை நடுங்கினாலும் பேச்சு நடுங்காது.

மேடையில் கைப்பிடி இல்லாத மூன்று படி இருந்தால் மேடையே வேண்டாம். அவையோடு சமமாக ஒரு நாற்காலி, சின்ன மேசை, தண்ணீர் போதும். சொல்லப்போனால் பேச்சும் அப்போதுதான் இயல்பாக வரும்.

சரவெடி, கன்ஃபெட்டி வெடிக்கும் வரவேற்பு கண்டிப்பாக வேண்டாம். சிலருக்கு இன்றும் திடீர் சத்தம் ஒத்துக்கொள்ளாது, அதை அவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள். பேச்சுக்குப் பின்னணியில் சோக இசை ஓடவிடும் ஆர்வக்கோளாறுகளும் நம்மிடம் உண்டு. ஒலி அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

6. நிகழ்ச்சி நிரல்

ஏழு மணிக் கூட்டம் என்றால் அவர் ஆறே முக்காலுக்கு வந்து நிற்பார். நம்மவர்கள் ஏழே காலுக்கு வண்டியை நிறுத்த இடம் தேடுவார்கள். எனவே ஆறரைக்கே தலைவரும் செயலாளரும் அங்கே இருக்க வேண்டும், அவரை அழைத்துவர ஒருவர் காருடன் வீட்டுக்குப் போக வேண்டும்.

தமிழ்த்தாய் வாழ்த்து, சங்க வழக்கப்படியான பிரார்த்தனை, ரோட்டரி என்றால் நான்வழிச் சோதனை (சங்க நெறியைச் சொல்லும் நான்கு கேள்விகள்) எல்லாம் பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி, கடைசியில் நாட்டுப்பண்ணுக்கு 52 விநாடி, இவற்றில் சுருக்க ஒன்றுமில்லை. சுருக்க வேண்டியது மேடையில் இருப்பவர்களையும் எதிரே இருப்பவர்களையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விளிக்கும் படலத்தை. பிறந்தநாள், திருமண நாள் வாழ்த்து, செயலாளர் அறிக்கை, வரவு செலவு எல்லாவற்றையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். வேறு சிறப்பு விருந்தினர், குறிப்பாக அரசியல் பிரமுகர், அன்று வேண்டவே வேண்டாம். அவர் வரத் தாமதமாகும், வந்ததும் எல்லாரும் எழுந்து ஓடுவார்கள், பேச்சு பாதியில் அறுந்துபோகும்.

ஏழே காலுக்கு அவர் பேசத் தொடங்கினால் முப்பது நிமிடம் பேச்சு, இருபத்தைந்து நிமிடம் கேள்வி பதில். எட்டே காலுக்குள் நினைவுப் பரிசும் நன்றியுரையும் முடிந்துவிடும். உணவு பேச்சுக்குப் பிறகுதான். கரண்டி சத்தத்துக்கு நடுவே இறந்துபோன தோழனைப் பற்றி ஒருவரைப் பேசவைக்கக்கூடாது.

மேடைப் பேச்சுப் பழக்கம் இல்லாதவர் என்றால் உரை என்ற வடிவத்தையே விட்டுவிடலாம். எதிரே ஒரு உறுப்பினர் உட்கார்ந்து, வீட்டுச் சந்திப்பில் வந்த கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து உரையாடலாக நடத்தட்டும். என் அனுபவத்தில் இது உரையைவிட நன்றாகவே அமைகிறது.

7. கேள்வி நேரம்

"எத்தனை பேரைச் சுட்டீங்க?" இந்தக் கேள்வி எப்படியும் வரும், பெரும்பாலும் பின்வரிசையில் இருந்து வரும். இதைத் தடுக்க எளிய வழி, கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்குவது. நெறியாளர் பொறுக்கி எடுத்துப் படிக்கலாம். "மிலிட்டரி சரக்கு கிடைக்குமா?" என்ற நகைச்சுவைக்கும் அதே குப்பைக்கூடைதான். இன்றைய அரசியல் பற்றிய கேள்விகளும் வேண்டாம், அதற்கு டிவி விவாதங்கள் இருக்கின்றன.

நல்ல கேள்விகள் சின்னதாக இருக்கும். போர் தொடங்கிவிட்டது என்று உங்களுக்கு யார், எப்படிச் சொன்னார்கள்? அன்று என்ன சாப்பிட்டீர்கள்? உங்கள் செக்‌ஷனில் எந்தெந்த ஊர்க்காரர்கள் இருந்தார்கள், எந்த மொழியில் பேசிக்கொண்டீர்கள்? முதல் லீவில் வீட்டுக்கு வந்த அன்று என்ன நடந்தது? திரும்பி வந்தபின் வேலை தேடியது எப்படி இருந்தது? கடைசிக் கேள்விக்கான பதிலில், நம் சங்கம் செய்யக்கூடிய வேலை ஒன்று ஒளிந்திருக்கலாம், காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் நின்றுவிட்டால் யாரும் கைதட்ட வேண்டாம், தண்ணீரை நீட்ட வேண்டாம், "பரவாயில்லை ஐயா" என்று சொல்லவும் வேண்டாம். சும்மா இருங்கள். அவரே தொடர்வார், அல்லது போதும் என்று கை காட்டுவார். போதும் என்றால் நெறியாளர் எழுந்து நன்றி சொல்லி முடித்துவிடலாம். நிகழ்ச்சி நிரலில் பத்து நிமிடம் மிச்சமிருந்தால் இருக்கட்டும்.

8. அமைதிப்படை வீரர் என்றால்

தமிழ்நாட்டில் இதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் தமிழ்நாட்டவர்களும் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு அந்தப் போரில்தான் பரம்வீர் சக்கரம், இறந்தபின் கிடைத்தது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்துப் பொதுமக்கள் பட்ட பாட்டையும் உயிரிழப்பையும் நாம் அறிவோம். படை 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த வடு பல வீரர்களிடம் இன்னும் இருக்கிறது. மறுபக்கம், உங்கள் அவையிலேயே ஈழத்திலிருந்து வந்தவர்களோ அவர்களின் உறவினர்களோ இருக்கக்கூடும்.

அதனால் இவர்களை அழைக்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அழைத்தே ஆக வேண்டியவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள், ஏனென்றால் யாருமே அழைப்பதில்லை. ஆனால் சின்ன கூட்டமாக வையுங்கள். பேனரில் 'வெற்றி', 'மாவீரர்' போன்ற சொற்கள் வேண்டாம், பெயரும் பணியாற்றிய ஆண்டுகளும் போதும். அவர் தமிழராக அந்த மண்ணில் நின்றபோது பார்த்ததை அவர் சொல்லட்டும். அவையில் ஒருவர் தன் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்ல எழுந்தால் அவரையும் பேசவிடுங்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது நெறியாளரின் வேலை அல்ல. இதற்குத் தயார் இல்லாத சங்கம் வேறு வீரரை அழைப்பது நல்லது.

9. என்ன கொடுப்பது?

கேடயம் வைக்க அவர் வீட்டில் இடம் இராது. ஒரு துண்டோ புத்தகமோ கொடுங்கள், மனைவிக்குத் தனியாக ஒன்று. கேடயத்துக்கு ஒதுக்கிய பணத்தை அவர் பெயரில் கொடிநாள் நிதிக்குச் செலுத்தி ரசீதைக் கையில் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறார்கள். போக்குவரத்துச் செலவை உறையில் போட்டு மேடையில் நீட்டாதீர்கள், வண்டி அனுப்பினால் அந்தப் பேச்சே எழாது.

10. மறுநாள் முதல்

புகைப்படங்களை வாட்ஸ்அப் குழுவில் கொட்டும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டு விலாசம், சர்வீஸ் எண், பேச்சில் வந்த இறந்த தோழர்களின் குடும்ப விவரம் எதுவும் வெளியே போகக்கூடாது. ஒலிப்பதிவின் ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு அவர் பிள்ளைகளிடம் கொடுங்கள். அப்பா இதையெல்லாம் வீட்டில் சொன்னதே இல்லை என்று பலர் சொல்வார்கள்.

அப்புறம், சேவைச் சங்கம் என்ற பெயருக்கு ஏற்ற வேலை ஒன்று இருக்கிறது. ராணுவ ஓய்வூதியம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற இணையமுறை வழியாக வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை உயிருடன் இருப்பதற்கான சான்றைப் பதிவு செய்யாவிட்டால் ஓய்வூதியம் நின்றுபோகலாம். ஸ்மார்ட்போன் பழக்கம் இல்லாத வயதானவர்களும், குறிப்பாக வீரர்களின் விதவை மனைவியரும், இதற்காகப் பேரனையோ இ-சேவை மையத்தையோ நம்பி இருக்கிறார்கள். விரல் ரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காமல் திரும்பி வருபவர்களும் உண்டு. சங்கத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த நான்கு இளைஞர்கள், இரண்டு லேப்டாப், ஒரு ரேகைக் கருவி, நிழலான ஒரு இடம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முகாம் நடத்திவிடலாம். வருபவர்கள் ஆதார் அட்டை, ஓய்வூதிய ஆணை, ஆதாரோடு இணைத்த கைப்பேசி மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். முகாம் தேதியை முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டால் சுற்றுக் கிராமங்களுக்கு அவர்களே தகவல் சேர்த்துவிடுவார்கள். நடக்க முடியாதவர்களின் பட்டியலையும் அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்த வீடுகளுக்கு நாம்தான் போக வேண்டியிருக்கும்.